உள் அட்டைக்கு அடியில்

மார்ச் 4

அக்காவுக்கு,

கவர் மேல என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ கிழிச்சுப் போடாம இருந்தா, மேல படி. ரெண்டு வருஷமா நீ போன் எடுக்கல. நானும் வீம்புக்கு நிறுத்திட்டேன். இப்ப வீம்பு பாக்கற நேரம் இல்ல.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில யாரோ விட்டுட்டுப் போன பேப்பர்ல உன் போட்டோ. பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்க, காலுக்கு அடியில ஒரு பலகை. முதல்ல நம்ம அம்மான்னு நினைச்சுட்டேன். நெத்தித் தழும்பைப் பார்த்துதான் நீன்னு தெரிஞ்சுது.

பக்கத்துல இருந்தவளைப் படிச்சுச் சொல்லச் சொன்னேன். பசையில கலக்கற தின்னர் நரம்பைத் தின்னுடுச்சாம், உங்க ஷெட்ல பதினோரு பொம்பளைங்களுக்குக் கால் விழுந்துடுச்சாம், ஷூவை விக்கற கம்பெனி மேலயே இங்க கேஸ் போட்டிருக்கீங்களாம். இந்த நாட்டுல புதுசா சட்டம் வந்திருக்கு. எந்த மூலையில, எத்தனை கை மாறிச் செஞ்ச பொருளா இருந்தாலும், செய்யறவங்களுக்குக் கெடுதி வந்தா விக்கறவன் பதில் சொல்லணும். அதுக்குக் கம்பெனி சொல்ற பதிலையும் படிச்சா: "நாங்க பெரிய ஃபேக்டரிக்குத்தான் ஆர்டர் குடுத்தோம். அந்த ஷெட்டைப் பத்திக் கேள்விப்பட்டதே இல்ல. எங்க ஷூ ஒண்ணுகூட அங்க ஒட்டினது இல்ல."

அக்கா, நான் வேலை பாக்கறது அந்தக் கம்பெனியோட கிடங்குலதான். வாங்கினவங்க திருப்பி அனுப்பற ஷூவெல்லாம் இங்கதான் வந்து குவியும். ஊர் உலகத்துக் கால் வாசனை பூரா என் மூக்குக்கு அத்துப்படி. நிறம் சரியில்லைன்னு வந்தா ஒரு தொட்டி, சோல் பிரிஞ்சு வந்தா இன்னொரு தொட்டி. பிரிஞ்சதெல்லாம் வெள்ளிக்கிழமை அரைக்கற மெஷினுக்குப் போயிடும்.

நானும் உங்க ஷெட்ல ஒட்டின காலத்துல, ஷூவுக்குள்ள பாதம் படற உள் அட்டையை ஒட்டறதுக்கு முன்னாடி அதுக்கு அடியில ஆளுக்கு ஒரு அடையாளம் போடுவோமே, பேனாவுல? இப்பவும் அந்த வழக்கம் இருக்கா? உன்னோட அடையாளம் என்ன? எழுது. நான் தேடறேன். மெஷினுக்குப் போறதுக்குள்ள ஒரு ஜோடி கிடைச்சாலும் போதும்.

தங்கச்சி


மார்ச் 20

தங்கச்சிக்கு,

கிழிக்கல. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், யாராவது பிரிச்சு மறுபடி ஒட்டியிருக்காங்களான்னு. நாலு வருஷம் பசையிலயே கிடந்தவளுக்கு அது தெரியும். பிரிச்ச மாதிரி இல்ல. ஆனா பிரிக்க வேண்டிய அவசியமே இல்லாம, எழுதினவளே அவங்க ஆளா இருந்தா?

கோவிச்சுக்காத. இல்ல, கோவிச்சுக்கோ, எனக்கென்ன. ரெண்டு வருஷமா இல்லாத அக்கறை இப்ப எங்கிருந்து பொத்துக்கிட்டு வந்துச்சு? வேலை அவங்ககிட்ட, விசா அவங்க தயவுல. எடுத்த எடுப்புல என் அடையாளம் என்னன்னு கேக்கற. கேக்கச் சொன்னது யாரு?

போன மாசம் ஒருத்தன் வந்தான். சுகாதாரக் கணக்கெடுப்பாம். கையில பை, கழுத்துல அட்டை, கால்ல அந்தக் கம்பெனி ஷூ. அதை எத்தனை ஆயிரம் ஜோடி பார்த்திருப்பேன், எனக்கா அடையாளம் தெரியாது? என் காலைப் பத்தி ஒரே ஒரு கேள்விதான். சொந்தபந்தத்தைப் பத்தி ஒம்பது கேள்வி. "வெளிநாட்டுல யாராவது இருக்காங்களா?"ன்னான். யாரும் இல்லைன்னேன். அவன் போய்ப் பத்து நாள்ல உன் கடுதாசி வருது. நீயே சொல்லு, நான் என்ன நினைக்கட்டும்? போன்லயும் இதைப் பேச மாட்டேன். எவன் ஒட்டுக் கேக்கறானோ.

அது மட்டும் இல்ல. "நான் எந்திரிக்கறேன், என் இடத்துல நீ உக்காருக்கா, நல்ல வேலை"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சவ நீ. கால் மரத்துப்போகுதுடின்னு போன்ல சொன்னப்ப, "எல்லாருக்கும் அப்படித்தான், பழகிடும்"னு சொன்னவளும் நீ. பழகல. இப்ப மாமா தோளைப் பிடிச்சுக்கிட்டுதான் கக்கூஸுக்குப் போறேன். விரல் நுனியும் மரத்துப்போச்சு, பேனாவைப் பிடிச்சிருக்கேனா இல்லையான்னு கண்ணால பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன்.

அடையாளம் போடற வழக்கம் இருக்கு. ஒரு ஷூ பிரிஞ்சு திரும்பி வந்தா, யார் ஒட்டினதுன்னு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சு சூப்பர்வைசர் நம்ம மூஞ்சியில விட்டெறிவான். எங்க கால் போனதுக்கு யார் காரணம்னு மட்டும் உலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாதாம்.

இந்த ஷெட்லதான் அவங்க ஷூ செஞ்சதுன்னு முதல்ல காட்டணும், இல்லைன்னா கேஸையே எடுத்துக்க மாட்டேன்னு ஜட்ஜ் சொல்லிட்டார். என் அடையாளத்தை ஒரு தாள்ல வரைஞ்சு, கவர்ல போட்டு, சீல் வெச்சுக் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கேன். எங்க வக்கீலம்மாவுக்குக்கூட அதுல என்ன இருக்குன்னு தெரியாது. இப்ப நீ கேக்கற.

சரி, சொல்றேன். மூணு புள்ளி. ஒரே வரிசையில. போய்த் தேடு, பாக்கலாம்.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நல்லாத்தான் வரவேற்பு குடுத்திருக்க. ரொம்ப சந்தோஷம்.

உன் கடுதாசி வந்த நாள்லருந்து, பிரிஞ்ச ஷூ ஒவ்வொண்ணுலயும் நகத்தை விட்டு உள் அட்டையைத் தூக்கிப் பார்த்துட்டேன். கட்டைவிரல் நகம் ரெண்டும் போச்சு. மூணு புள்ளி எதுலயும் இல்ல. நம்ம ஷெட்டு வழக்கம் மாதிரியே அடையாளம் போட்ட ஷூ இருக்கு: ஒண்ணுல பாதி நிலா, ஒண்ணுல வட்டத்துக்குள்ள பெருக்கல் குறி, ஒண்ணுல சாவி, ஏழு ஜோடியில அஞ்சு பல்லு சீப்பு. அந்தச் சீப்புல ஒரு பல்லு மட்டும் குட்டை. மூணு புள்ளி மட்டும் எங்கயும் இல்ல.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், நீயும் கோவிச்சுக்கோ. நிஜமாவே எங்க கம்பெனி ஷூவையா ஒட்டின? இல்ல, வேற கம்பெனி சரக்கை ஒட்டிட்டு, பதினோரு பேரும் சேர்ந்து பெரிய கம்பெனியா பார்த்துக் கை காட்டிட்டீங்களா? "எங்க கம்பெனி"ன்னு எழுதிட்டேன், இனி அதையும் பிடிச்சுக்குவ. எழுதினது எழுதினதுதான், அடிக்கல.

சந்தேகம் இருந்தாலும் சும்மா இருக்கல. வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவங்க ஆபீஸ் மாடிப்படியில ரெண்டு தடவை ஏறி ரெண்டு தடவை இறங்கிட்டு, மூணாவது தடவைதான் கதவைத் தட்டினேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். "என் அக்கா அடையாளம் மூணு புள்ளி, அது கிடைக்கல, கிடைச்சது இது இது"ன்னு. மறுநாளே கோர்ட்டு ஆள் வந்து நான் காட்டின ஆறு தொட்டியையும் பூட்டி சீல் வெச்சுட்டார். இனி அது மெஷினுக்குப் போகாது.

அன்னியிலருந்து எங்க மேலாளர், கண்ணாடிக்காரர், என்கிட்ட ரொம்ப மரியாதையா பேசறார். அஞ்சு வருஷத்துல முதல் தடவையா "காப்பி குடிக்கறியா?"ன்னு கேட்டு அவரே கொண்டாந்து வெச்சார். அந்தக் கப்பைத் தொடவே பயமா இருந்துச்சு. ஆறிப்போனதும் கை கழுவற இடத்துல ஊத்திட்டேன்.

தங்கச்சி


ஏப்ரல் 22

தங்கச்சிக்கு,

சீப்புன்னு நீ எழுதின வரியை மூணு தடவை படிச்சேன். மாமாவைக் கூப்பிட்டு அந்த வரியை அவரையும் படிக்கச் சொன்னேன், நான் தப்பாப் படிக்கிறேனோன்னு.

மூணு புள்ளி பொய். அப்படி ஒரு அடையாளம் எங்க ஷெட்ல யாருக்குமே கிடையாது. சீப்புதான் என்னோடது. அஞ்சு பல்லு, ஓரத்துல ஒண்ணு குட்டை. சின்ன வயசுல என் சீப்போட பல்லை உடைச்சுட்டு, நான் உடைக்கலன்னு அழுது ஊரைக் கூட்டினியே, அந்தச் சீப்பு. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது.

நீ அவங்க ஆளா இருந்தா, மூணு புள்ளி போட்ட ஷூவைப் புதுசா நாலு ஜோடி தயார் பண்ணி, நாமளே வரைஞ்சோம்னு சொல்லி என்னை மாட்டி விட்டிருப்பாங்க. இல்ல, ஒரு அடையாளமும் இல்லைன்னு ஒரே வரியில முடிச்சிருப்ப. நீ கிடைக்காததைக் கிடைக்கலன்னும் கிடைச்சதைக் கிடைச்சதுன்னும் எழுதியிருக்க. அதனால கொஞ்சம் நம்பறேன். முழுசா இல்ல, கொஞ்சம்.

வக்கீலம்மாகிட்டப் போய்ச் சொல்லிடு, சீப்புதான்னு.

அக்கா


மே 9

அடிப்பாவி அக்கா,

உன் கடுதாசி எங்கெங்கயோ சுத்திட்டு வந்து சேர்ந்தது நேத்து. கோர்ட்டு நடந்தது முந்தாநாள்.

என்ன நடந்துச்சு தெரியுமா? ஜட்ஜ் உன் சீல் கவரைப் பிரிச்சார். உள்ள சீப்பு. கம்பெனி வக்கீல் எந்திரிச்சு நான் கையெழுத்துப் போட்டதை எடுத்து அது பக்கத்துல வெச்சான். "என் அக்கா அடையாளம் மூணு புள்ளி". கோர்ட்டே சிரிச்சுது அக்கா. "அக்கா ஒண்ணு சொல்றாங்க, தங்கச்சி வேற சொல்றாங்க, ஒழுங்கா ஒத்திகைகூடப் பாக்கல"ன்னான். அதோட விடல. "தொட்டி பூரா இந்தப் பொண்ணு கையில இருந்துச்சு. எல்லா அட்டையையும் தூக்கிப் பார்த்தேன்னு இவளே எழுதியிருக்கா. தூக்கினவளுக்கு ஒரு சீப்பு வரைய எவ்வளவு நேரம் ஆகும்?"னு கேட்டான். நான் நின்ன இடத்துலயே குறுகிப்போயிட்டேன்.

உன்னை நான் என்ன சொல்றது? எதிரியை மடக்கறேன்னு என் காலை வாரி விட்டுட்ட. என்னை வேலைக்கு வர வேண்டாம், கூப்பிடற வரைக்கும் ரூம்லயே இருன்னு சொல்லிட்டாங்க. அஞ்சு பேர் தூங்கற ரூம்ல பகல் பூரா தனியா உக்காந்து சுவத்தைப் பாக்கறேன்.

வக்கீலம்மாதான் இப்பவும் தைரியமா இருக்காங்க. நேத்து உன் ரெண்டு கடுதாசியையும் கொண்டுபோய்க் காட்டினேன். படிக்கச் சொல்லிக் கேட்டவங்க துள்ளிக் குதிச்சுட்டாங்க. அக்கா பொய் அடையாளம் சொன்னதுக்கு மார்ச் மாசத் தபால் முத்திரை இருக்கு. சீப்புன்னு தங்கச்சிக்கு யாரும் சொல்லல. சொல்லாததை அவ எப்படி வரைய முடியும்? திருட்டுத்தனம் பண்றவளா இருந்தா மூணு புள்ளியைத்தானே வரைஞ்சிருப்பா? இதான் அவங்க வாதம். நீ என்னை நம்பாததுதான் இப்ப நமக்கு சாட்சி. இதுக்கு அழுறதா சிரிக்கறதான்னு தெரியல.

இன்னிக்குக் காலையில ஜட்ஜ்கிட்ட மனு போட்டாச்சு. கம்பெனி வக்கீல் ஒரு கொக்கி போட்டுட்டான். கடிதம் காட்டணும்னா அங்கொண்ணு இங்கொண்ணு பொறுக்கிக் காட்டக் கூடாது, அடுத்த தேதி வரைக்கும் ரெண்டு பேரும் எழுதினது எல்லாம் வரணும், ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தமா தள்ளணும்னு. ஜட்ஜும் சரின்னுட்டார். தேதி ஜூன் 30.

நீ எழுதினது என்கிட்ட இருக்கு. நான் எழுதினது உன்கிட்ட இருக்கு. பத்திரமா வெச்சிருக்கியா?

தங்கச்சி


மே 25

தங்கச்சிக்கு,

தப்புதான். நான் செஞ்சது தப்பு. இந்த வார்த்தையை எழுத நாலு நாள் ஆச்சு.

ஆனா ஏன் செஞ்சேன்னு கேளு. எங்களோட கேஸ் போட்டவங்கள்ல ஒருத்தி, நீ பார்த்த பாதி நிலா அவளோடதுதான், உன் முதல் கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டு விலகிட்டா. அவ வீட்டுக்கும் அந்தக் கணக்கெடுப்புக்காரன் போயிருக்கான். என்ன சொன்னான்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறா. ஒரே பெஞ்சுல தோளோட தோள் இடிச்சு உக்காந்தவ. அதுக்கப்புறம் நான் யாரை நம்பட்டும்? ராத்திரியில கதவு ஆடினாக்கூட மாமா போய்ப் பார்த்துட்டு வர்றார்.

உன் கடுதாசியெல்லாம் பத்திரமா அரிசி டப்பாவுல இருக்கு. அனுப்பறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு.

விலகிப் போறதுக்கு முன்னாடி பாதி நிலா என்கிட்ட ஒரு விஷயம் சொன்னா. "உன் தங்கச்சி இந்த இடத்துல ரெண்டு தடவை மயங்கி விழுந்தா, உனக்குத் தெரியாதா?"ன்னு. எனக்குத் தெரியாது. நீ சொல்லல.

கம்பெனி தெரியாதுன்னு சொல்றது இருக்கட்டும். அவன் எவனோ. நீ சொல்லு. என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு, உனக்குத் தெரியுமா? பூசி மெழுகாத. எல்லாரும் படிக்கப் போற கடுதாசின்னு பயந்து எழுதாத. எனக்கு எழுது.

அக்கா


ஜூன் 8

அக்கா,

தெரியும்.

முழுசா இல்ல. கால் விழும்னு தெரியாது, அது சத்தியம். ஆனா ஏதோ கெட்டது அந்தப் பசையில இருக்குன்னு தெரியும். ரெண்டு தடவை விழுந்தேன். ரெண்டாவது தடவை கண்ணு முழிச்சப்ப ஆபீஸ் ரூம்ல பெஞ்சுல கிடந்தேன். சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினான். "எனக்கு உடம்புல ஒரு கோளாறும் இல்ல, காலையில சாப்பிடாததால மயக்கம், பசையால எதுவும் இல்ல." கையெழுத்துப் போடச் சொன்னான். அந்த ரூம்ல இன்னொரு ஆளும் இருந்தான், வெளிநாட்டுக்காரன். சட்டையில கம்பெனி சின்னம், இப்ப தினமும் நான் தொட்டியில பாக்கறேனே, அதே சின்னம். அவன்தான் என் தாளை வாங்கி மடிச்சு அவன் ஃபைல்ல வெச்சுக்கிட்டான். எனக்குத் தண்ணி குடுத்தது அவன்தான். அந்த ஷெட்டைக் கேள்விப்பட்டதே இல்லைன்னு சொல்றாங்களே, அந்த ஷெட்டுக்குள்ள அவங்க ஆள் கையால தண்ணி குடிச்சவ நான்.

அப்ப எனக்கு விசா வந்திருந்துச்சு. வேலை பார்த்தேன்னு ஒரு சான்றிதழ் வேணும். "உன் இடம் காலியா கிடக்கக் கூடாது, ஆள் கொண்டாந்து உக்கார வெச்சுட்டுத் தாளை வாங்கிட்டுப் போ"ன்னான் சூப்பர்வைசர். நான் உன்னைக் கொண்டாந்தேன். ஜன்னல் பக்கத்து இடம், உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்த ஜன்னலைத் திறக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும் அக்கா. அதுக்கு ஆணி அடிச்சிருந்தாங்க.

அப்புறம் நீ போன்ல கால் மரத்துப்போகுதுன்னு சொன்னப்ப, பயத்துலதான் பழகிடும்னு சொன்னேன். நீ போன் எடுக்காம விட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. இதையும் எழுதிடறேன்.

வக்கீலம்மாகிட்ட இதைச் சொன்னேன். இந்தக் கடிதம் கோர்ட்டுக்கு வந்தா அந்த ஃபைலைக் கொண்டு வரச் சொல்லிக் கேக்கலாம், கம்பெனிக்கு அன்னிக்கே தெரியும்னு நிரூபிக்கலாம்னாங்க. அதே சமயம் எதிர் வக்கீல் என்னைக் கிழிச்சுடுவான், கூடப் பொறந்தவளே தெரிஞ்சு தள்ளி விட்டிருக்கா, எங்களை ஏன் கேக்கறீங்கன்னு சொல்வான்னும் சொன்னாங்க. பொய்த் தாள்ல கையெழுத்துப் போட்டவளுக்கு விசா என்ன ஆகும்னு கேட்டேன். அவங்களுக்கும் தெரியல.

இந்தக் கடிதம் உன் கைக்குத்தான் வருது. இதுக்கு நகல் கிடையாது. அனுப்பறதும் கிழிக்கறதும் உன் இஷ்டம். நீ என்ன செஞ்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்.

தங்கச்சி


ஜூன் 21

தங்கச்சிக்கு,

படிச்சேன்.

படிச்சதும் நேரா அடுப்புல போடணும்னு தோணுச்சு. உனக்காக இல்ல, கேஸுக்காகவும் இல்ல. ஜன்னல் வரி என் கண்ணு முன்னாடி இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு. எந்திரிக்கப் பார்த்தேன். எந்திரிக்க முடியல. அடுப்பு இருக்கறது ஏழு எட்டு அடி தூரம். மாமாவைக் கூப்பிட்டேன், அவர் பின்னாடி துணி துவைச்சுட்டு இருந்தார், காது கேக்கல. அவர் கையைத் துடைச்சுட்டு வர்றதுக்குள்ள மறுபடியும் ஒரு தடவை படிச்சுட்டேன். வந்து "என்ன வேணும்?"னார். கவர் வேணும்னேன்.

உன்னோட நாலு கடுதாசியும் வக்கீலம்மா விலாசத்துக்குத் தனியா, பதிவுத் தபால்ல போகுது. இது என்னோட நாலாவது, உன்கிட்ட இருக்கற மத்த மூணோட இதையும் சேர்த்துக் குடுத்துடு. நான் உன்னை சந்தேகப்பட்டது, பொய் சொன்னது எல்லாம் அதுல இருக்கட்டும். எவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும்.

உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. எனக்கு இன்னும் வயிறு எரியுது. உன் மூஞ்சியைப் பார்த்தா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. ஆனா அந்தக் கம்பெனியில இத்தனை பெரிய ஆளுங்க இருக்காங்க, ஃபைல் வெச்சிருக்காங்க, ஒருத்தன் வாயிலருந்தும் "தெரியும்"ங்கற வார்த்தை வரல. நீ முதல் வரியிலயே எழுதிட்ட.

முப்பதாம் தேதி கடுதாசியைப் படிக்கறப்ப எதிர் வக்கீல் உன்னைக் கேவலமா பேசுவான். பேசட்டும். தலையைக் குனியாத, அழுதாலும் பரவாயில்ல, உக்காந்துடாத. அந்த ஃபைலைக் கொண்டு வாங்கன்னு ஜட்ஜ் சொல்ற வரைக்கும் நில்லு.

ஒரு நாள் உன் இடத்துல என்னை உக்கார வெச்ச. இப்ப என் இடத்துல நீ நில்லு.

அக்கா